‘மூணு சொட்டு’ எண்ணெய்க்கு நான் எழுதிய மனு

டிரேட்மார்க் மனுவில் ஒரு கேள்வி உண்டு. இந்தப் பெயரை எந்தத் தேதியிலிருந்து வியாபாரத்தில் பயன்படுத்தி வருகிறீர்கள் என்று அது கேட்கும். தேதி போட்டால் கூடவே ஒரு பிரமாணப் பத்திரமும் ஆதாரங்களும் சேர்க்க வேண்டும். தேதி போடாமல், ‘இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எதுவும் சேர்க்க வேண்டாம். அடுத்த பக்கம் வந்துவிடும். ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடியில் நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, அதோடு டைப்ரைட்டிங். தென்காசியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகி, இந்த வருடம் கண் பார்வை ஒத்துழைக்காததால் வேலையை விட்டு நின்றுகொண்டேன். சட்டம் எனக்குத் தெரியாது. எந்த மனுவில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது தெரியும். இப்போது குமாஸ்தா வேலையில் இருக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் சேர்ந்திருப்பீர்கள். அதனால் வக்கீல்களுக்கு இல்லாத ஒரு ஆபத்து நமக்கு உண்டு. தெரியாததைக் கேட்க நமக்குக் கூச்சம்.

எங்கள் வக்கீல் சாரும் முதலில் சிவில் வழக்குதான் நடத்தினார். இணையத்தில் மனுப் போடும் வசதி வந்த பிறகு டிரேட்மார்க்கும் பார்க்க ஆரம்பித்தார். அப்பளம் போடுகிறவர்கள், அரிசி ஆலைக்காரர்கள், முறுக்கு விற்கிறவர்கள் என்று வந்தார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது புவிசார் குறியீடு. டிவியில் ஏதாவது ஓர் ஊர்ப் பொருளுக்கு அது கிடைத்ததாகச் செய்தி வந்தால், அடுத்த நாளே இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அது ஓர் ஆளுக்குத் தருவது அல்ல, அந்த வட்டாரத்தில் அந்தப் பொருளைச் செய்கிற எல்லோருக்கும் சேர்த்துத் தருவது என்று சொன்னால் முகம் வாடிவிடும். வாடிய முகத்தோடு ஒரு டிரேட்மார்க் மனுவுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கோமதி அக்காவும் அப்படித்தான் வந்தார். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் பாதையில் சீசன் கடை போட்டு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விற்கிறவர். வீடு மேலகரம். எண்ணெயை வீட்டிலேயே காய்ச்சுவார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். சாரல் தொடங்கிவிட்ட நேரம். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தார். சேலை முந்தானை நனைந்திருந்தது.

“சார், குற்றாலம்ங்கிற பேர எனக்கு எழுதிக் குடுத்திருங்க. இங்கன ஆளாளுக்கு ஒரிஜினல் குற்றாலம் எண்ணெய்னு போடுதாங்க. எது ஒரிஜினல்னு வாரவுகளுக்குத் தெரியல.”

சார் சிரித்தார். ஊர்ப்பெயரை ஓர் ஆளுக்கு எழுதித் தரமாட்டார்கள் என்றார். புவிசார் குறியீடு என்றால், அங்கே எண்ணெய் காய்ச்சுகிற எல்லோரும் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும், இந்த எண்ணெயின் குணம் இந்த மண்ணாலும் தண்ணீராலும்தான் வருகிறது என்று காட்ட வேண்டும் என்று விளக்கினார்.

“எல்லாரும் சேரணுமா? எங்க பாதையில ரெண்டு கடைக்காரி சேந்து ஒரு டீ குடிக்க மாட்டாளுவ சார்” என்றார் அக்கா. பிறகு யோசித்துவிட்டு, “தேங்கா இலஞ்சியில வாங்குதேன். மூலிகையில பாதி மதுரையில இருந்து பார்சல்ல வருது. உள்ளதச் சொன்னா அருவிக்குத்தான் அந்தக் குறியீடு குடுக்கணும், எண்ணெய்க்கு இல்ல” என்றார்.

அவருடைய எண்ணெயைக் கேட்டு வருகிறவர்கள் என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று சார் விசாரித்தார்.

“மூணு சொட்டுன்னு கேப்பாங்க. எங்க வீட்டுக்காரவுக சொல்லுவாவ, உள்ளங்கையில மூணு சொட்டு போதும்னு. அதுவே பேராப் போச்சு. அவுக போயி ஒம்பது வருசமாச்சு. பேரு மட்டும் நிக்குது.”

பாட்டிலில் ஒட்டும் சீட்டைக் காட்டினார். மூன்று சொட்டு படம். கீழே பெயர். சாருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இதைத்தான் பதிய வேண்டும் என்றார். வக்காலத்துத் தாளில் அக்கா கையெழுத்துப் போட்டார். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதால், “செல்வி, இன்னைக்கே போட்டுரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு சார் கிளம்பினார்.

மனு இணையத்தில் போவதற்கு சாருடைய மின் கையெழுத்து வேண்டும். அது ஒரு பென்டிரைவில் இருக்கும். அந்தப் பென்டிரைவ் என் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கும். அதாவது சாருடைய கையெழுத்தை நான்தான் போடுவேன். உங்கள் ஆபீஸ்களிலும் அப்படித்தான் நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கேள்விக்கு வந்தேன். எந்தத் தேதியிலிருந்து?

அக்கா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கடை ஞாபகத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பில் இருக்கா அக்கா?” என்று கேட்டேன்.

“பில்லா? குளிச்சிட்டு ஈரத்துண்டோட வந்து நிக்கிறவன்ட்ட பில்லக் குடுத்தா எங்கட்டி வைப்பான்?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அங்கே யாரும் பில் போடுவதில்லை. எல்லாம் கைக்குக் கை வியாபாரம். பில் இல்லை என்றால் வேறென்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். சீட்டு அச்சடித்த பிரஸ் எது, வாடிக்கையாளர் எழுதிய கடிதம் உண்டா, கடைக்கு முன்னால் நின்று எடுத்த பழைய போட்டோ உண்டா என்று பத்து நிமிடம் கேட்டால் போதும். நான் கேட்கவில்லை. ஒருவரை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்பது எனக்கு எப்போதும் கஷ்டம். அவர் அவசரத்தில் வேறு இருந்தார். இதற்கு முன்பு ஓர் அப்பளக்காரருக்கு மனுப் போட்டபோது, “பில் இல்லேன்னா இனிமேத்தான்னு போட்டுரு. பிரமாணப் பத்திரத் தொல்லை இல்ல” என்று சார் சொல்லியிருந்தார். அந்த அப்பளக்காரர் நிஜமாகவே அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்தார். சார் சொன்னது அவருக்கு. நான் அதை ஆபீஸ் வழக்கமாக எடுத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பென்டிரைவைச் செருகினேன். “முடிஞ்சுதா?” என்று கேட்டார் அக்கா. முடிந்தது என்றேன். மனு நம்பர் வந்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மனு பரிசீலனை முடிந்து, அடுத்த வருடம் டிரேட்மார்க் இதழில் வெளியானது. வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புச் சொல்லலாம். மூன்றரை மாதம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஓர் ஈமெயில் வந்தது. மதுரையில் ஒரு வியாபாரி எதிர்ப்புக் கொடுத்திருந்தார்.

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினோம். பெயரைச் சொன்னதுமே, “நம்ம கேன் அண்ணாச்சியா?” என்று கேட்டார். சீசனுக்குச் சீசன் வந்து பெரிய கேன்களில் அவரிடம் எண்ணெய் வாங்கிப் போகிறவராம். அதைச் சின்னப் பாட்டிலில் அடைத்து, மூன்று சொட்டுப் படம் ஒட்டி, இணையத்தில் விற்றிருக்கிறார். அவரிடம் ஆறு வருடத்துக்குப் பில் இருந்தது. எல்லாம் ஒழுங்காக நம்பர் போட்ட பில்.

“அவரு வித்தது என் எண்ணெய்தான சார்? நான் எத்தனை வருசமா விக்கேன்!”

“எத்தனை வருசம்?” என்று சார் கேட்டார்.

“இருவது இருக்கும். மூத்தவ பொறந்த வருசம் ஆரம்பிச்சது.”

சார் எங்கள் மனுவின் நகலை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “பெறகு ஏன் இதுல இனிமேத்தான் விக்கப் போறோம்னு இருக்கு? அந்த ஆளு ஆறு வருசம்னு சொல்லுதான். நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு நாமளே எழுதிக் குடுத்திருக்கோம். எதிர்ப்புல அவன் முதல்ல காட்டியிருக்கதே நம்ம மனுவத்தான்.”

அக்கா ஒன்றும் புரியாமல் சாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் அப்படிச் சொல்லலியே சார்.”

“கட்சிக்காரங்க சரியாச் சொல்லாட்டா நாங்க என்ன செய்ய முடியும்?” என்றார் சார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மேஜைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். “சார், நான்தான் கேக்காமப் போட்டேன்” என்றால் போதும், நாலு வார்த்தை. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், “கடை நெனப்புல நான்தான் ஏதும் மாத்திச் சொல்லிட்டனோ என்னமோ” என்றார்.

எதிர்ப்புக்குப் பதில் கொடுக்க இரண்டு மாதம்தான். அதில் ஒருநாள் தாண்டினாலும் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். சலுகை கிடையாது. ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து வர சார் என்னைக் குற்றாலத்துக்கு அனுப்பினார்.

சீசன் முடியப் போகும் சமயம். கூட்டம் இருந்தது. அக்காவும் அவருடைய மூத்த மகளும் கடையில் இருந்தார்கள். சீசனுக்குச் சீசன் கடையிடத்தை ஏலம் எடுத்த ரசீதுகள் இருந்தன, ஆனால் அவற்றில் எண்ணெயின் பெயர் இல்லை. சீட்டு அச்சடித்த பிரஸ் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. பழைய சீட்டு ஒரு கட்டு கிடைத்தது, அதில் தேதி இல்லை. வாடிக்கையாளர்களை அவருக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தபோது மகள் அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள்.

“இப்ப தேடி என்ன செய்ய? ஆபீசுல போயி ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்லத் தெரியல ஒனக்கு. அப்பா வச்ச பேரு. ஒன் வாயாலயே தொலைச்சிட்டு வந்திருக்க.”

“சரிட்டி, வெளியாளு முன்னால ஏசாத.”

“வெளியாளா? அவங்கதான ஒக்காந்து எழுதுனவுக. அவங்களுக்குத் தெரியாதா நீ என்ன ஒளறுனன்னு? கேளு, இப்பவே கேளு.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்தார். “நான் படிக்காதவதான. பதட்டத்துல எதையோ சொல்லியிருப்பேன்” என்றார்.

நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். ஆகவில்லை. குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்? ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நான்காவதில் ஏறினேன்.

தவறு எல்லோருக்கும் வரும். இந்தத் தொழிலில் தவறு செய்யாத குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. நாம் செய்த தவறை இன்னொருவர் தன் தலையில் போட்டுக்கொள்ளும்போது பார்த்துக்கொண்டு நிற்பது வேறு விஷயம். அதற்குக் கூச்சம் என்று நான் பெயர் வைத்திருந்தேன். அது கூச்சம் இல்லை.

மறுநாள் சாரிடம் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவர் எங்கள் மனுவின் நகலை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“நான் கேக்காமப் போட்டேன்னு நீ ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தா அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் பலம்” என்றார் பிறகு. “ஆனா மனுவுல இருக்க கையெழுத்து என்னோடது. குமாஸ்தாதான் போட்டாள்னு நானே எழுதிக் குடுத்தா, இதுவரைக்கும் போன என் கையெழுத்துக்கெல்லாம் என்ன மதிப்பு?”

 அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் அவர் என்னிடம் வேலை தவிர வேறு பேசவில்லை. மூன்றாம் நாள், “எழுது. நானும் ஒண்ணு தாரேன்” என்றார். அன்றே அந்தப் பென்டிரைவை என் இழுப்பறையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.  எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அக்காவுக்குச் சொல்லும் வேலையை என்னிடமே விட்டார். ஆபீசில் வைத்துச் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டார்.

“தப்பா எழுதுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலட்டி. நீயும் மனுசிதான. எம் மக என்னைய அந்த ஏச்சு ஏசுனா. நீ அங்கனயே நின்னுக்கிட்டு இருந்தியே.”

நான் என் பிரமாணப் பத்திரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதில் இதற்கான வரி இல்லை.

இரண்டு பிரமாணப் பத்திரங்களும், பழைய சீட்டுக் கட்டும், ஏல ரசீதுகளும், பக்கத்துக் கடைக்காரியின் சாட்சியமும் சேர்த்துப் பதில் போட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு கணினி வழியாக விசாரணை நடந்தது. அக்கா எங்கள் ஆபீசுக்கே வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் பேசவில்லை. எங்கள் மனுவில் இருந்த அந்த ஒரு வரியை வாசித்தார். பிறகு, இந்தப் பிரமாணப் பத்திரங்களெல்லாம் எதிர்ப்பு வந்த பிறகு யோசித்து எழுதியவை என்றார். எண்ணெயை யார் காய்ச்சியது என்பது இங்கே கேள்வி இல்லை என்றும் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலத்தில். என்ன சொல்கிறார் என்று அக்கா என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது.

முன்பிருந்தே பயன்படுத்துகிறவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, மேல்முறையீடு செய்யலாம், கோர்ட்டில் நிரூபிக்கலாம் என்று சார் சொன்னார். தனக்கு ஃபீஸ் எதுவும் தர வேண்டாம் என்றும் சொன்னார். அக்கா தலையாட்டினார்.

“எத்தனை வருசம் ஆகும் சார்?”

சார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“நிரூபிக்க என்ட்ட என்ன இருக்கு? அன்னைக்குத் தேடுனதுதான. அதுக்கு மேல வீட்ல ஒரு சீட்டுக் கிடையாது. எனக்கு எண்ணெய் காய்ச்சத் தெரியும். அதோட விடுங்க.”

அடுத்த சீசனுக்கு முன்னால் வியாபாரியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இனி அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று. அக்கா சீட்டு ஒட்டாமல் வெறும் பாட்டிலில் விற்றார். அந்த சீசனில் ஒருநாள் நான் போயிருந்தேன். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்து, “மூணு சொட்டு இருக்காங்க?” என்று கேட்டது. அக்கா ஆமென்று சொல்லவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் பாட்டிலை நீட்டினார். அந்தக் குடும்பத்து அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல பேரே இல்லையே. ஒரிஜினல் நாங்க ஆன்லைன்லயே வாங்கிக்கிறோம்” என்று வைத்துவிட்டுப் போனார். அக்கா அந்தப் பாட்டிலை எடுத்து அதன் வரிசையில் வைத்தார். நான் நிற்பதைப் பார்த்தார், டீ சொன்னார். நான் குடித்தேன்.

நீங்கள் கணினியில் என்னைவிட வேகம். மனு படிவமும் இப்போது எளிதாகிவிட்டது. எனக்கு அதனால்தான் பயம். மனுவை அனுப்பும் முன்னால் அச்செடுத்து, ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று கட்சிக்காரருக்கு அவர் பேசும் பேச்சில் வாசித்துச் சொல்லுங்கள். அந்தத் தாளில் அவருடைய கையெழுத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கடையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், சீக்கிரம் முடி என்று அவர் சொல்வார். அவரைக் காத்திருக்க வையுங்கள். ஏசினால் ஏசட்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த வழக்குக்குப் பிறகு எங்கள் ஆபீசில் ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்.

அப்படி வாசித்துக் காட்டச் சொல்லி முதலில் கேட்டவரும் கோமதி அக்காதான். சீசன் முடிந்த பிறகு மகளோடு வந்தார். மகள் வேறு ஒரு பெயர் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அது என்ன பெயர் என்பது இங்கே வேண்டாம், அது அவர்களுடையது. வேறு ஆபீசுக்குப் போகாமல் ஏன் எங்களிடமே வந்தார் என்று நான் கேட்கவில்லை. மகள் என்னோடு பேசவில்லை.

“இந்தத் தடவை எனக்கு ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டு. அவசரம் ஒண்ணும் இல்ல” என்றார் அக்கா.

வாசித்தேன். பெயர், முகவரி, என்ன பொருள், எந்த வகை. அந்த வரி வந்தது. நான் நிறுத்தினேன்.

“அதுல என்ன போட்டிருக்க?”

“இந்தப் பேருல இதுவரைக்கும் வித்ததில்ல, இனிமேத்தான் விக்கப் போறோம்னு போட்டிருக்கேன் அக்கா.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் பேனாவை வாங்கினார்.

“இப்ப அது நெசந்தான்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.